வெறுங்கழுத்து

"வேண்டாம் சாமி, கழட்டாதீங்க."

கண்ணாயிரம் தன் கழுத்திலிருந்த மாலையை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

சபரிமலைக்குப் போய்வந்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்குக் கழட்டியாச்சு. பிள்ளையார் கோயில் வாசலில் குருசாமி முன்னால் குனிந்தார்கள், அவர் கழட்டி ஆளுக்கொரு பால் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார், கிளம்பிவிட்டார்கள். அதில் ஒருத்தர் தெருமுனை தாண்டும் முன்னே போனில் முட்டை பரோட்டா சொல்லிவிட்டார். தப்பு சொல்ல முடியாது. விரதம் முடிஞ்சாச்சு.

குருசாமி பெயர் முப்பிடாதி. வயசு இருபத்தெட்டுதான். பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அஞ்சு வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து மலை ஏறினவர், ஒரு வருஷம்கூட விடவில்லை. கண்ணாயிரத்துக்கு நாற்பத்தாறு. ஆனாலும் மாலை போட்டுவிடுகிறவர் முப்பிடாதி. அதனால் அவர்தான் குரு.

"ஏன் சாமி?"

"கழட்டினா குடிப்பேன்."

அழகாகச் சொல்ல இதில் ஒண்ணும் இல்லை. ஆறு வருஷமாக இதுதான். கார்த்திகை பிறந்தால் கண்ணாயிரம் மாலை போடுவார். ஒரு சொட்டு தொடமாட்டார். பெயின்ட் அடிக்கிற வேலைக்கு நேரத்துக்குப் போவார். மகளுக்கு சைக்கிள் பழக்கிவிடுவார். மலைக்குப் போய்விட்டு வந்து கழட்டுவார். கழட்டின அன்றைக்கே ஒயின் ஷாப்.

அந்த சைக்கிளைத்தான் போன மாசியில் விற்றுக் குடித்தார்.

"சுத்திச் சுத்தி அங்கேயேதான் வந்து நிக்கேன். எதுக்கு சாமி இந்தப் பொழப்பு?"

முப்பிடாதி மிச்சமிருந்த கிண்ணத்தில் பாலை ஊற்றினார்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"சொர்ணம் பையைக் கட்டி வச்சிட்டா. பன்னெண்டேகால் பஸ்ஸுக்கு அவ அண்ணன் வீட்டுக்குப் போறாளாம், பிள்ளையையும் கூட்டிக்கிட்டு. குடிக்காம, வெறுங்கழுத்தோட வந்தா இருப்பாளாம்."

"மாலையோட போனா?"

"'அது சாமி. எனக்குப் புருஷன் வேணும்'ங்கா."

"சரியாத்தான சொல்லியிருக்காங்க."

"நீங்களும் அவ கட்சியா? கழட்டாம விட்டுருங்க சாமி. வருஷம் பூரா போட்டுக்கிடுதேன். செத்தாலும் இதோடயே போறேன்."

அந்த நேரம் பார்த்து தளவாய் வண்டியில் வந்தான். கண்ணாயிரத்தோடு சேர்ந்து குடிக்கிறவன். நிறுத்தக்கூட இல்லை.

"என்ன சாமி, இன்னும் சாமியாத்தான் இருக்கீங்களா? எப்ப கண்ணாயிரம் ஆவீங்க? கடை திறக்கப் போறான்!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

முப்பிடாதி அவன் போகும்வரை பார்த்தார்.

"ஒண்ணு கேக்கேன். இத்தனை நாள் குடிக்காம இருந்தது யாரு?"

"ஐயப்பன். அவருதான் இருக்க வச்சாரு."

"மத்த நாள் குடிச்சது?"

"நான்தான். வேற யாரு?"

"அப்ப நீங்க இதுவரைக்கும் ஒருநாள்கூடக் குடிக்காம இருந்ததில்லை."

கண்ணாயிரம் மாலையிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

முப்பிடாதி கடைசிக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே கழட்டுங்க."

"குருசாமிதான கழட்டணும்?"

"ஆறு வருஷமா நான் போட்டா நிக்கீங்க, நான் கழட்டினா விழுதீங்க. இந்த வருஷம் என் கை வராது. கழட்டி இதுல போட்டுட்டு, கடை வழியா வீட்டுக்கு நடங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி. மாலை கழுத்தில் இருக்கும்போதே. கண்ணாயிரத்துக்குச் சுருக்கென்றது.

"கடை வழியாவா? குளத்துக்கரை வழி இருக்கே?"

"நாளைக்கும் அந்தக் கடை அங்கதான இருக்கும்?"

"என்னால முடியலைன்னா?"

"குடிப்பீங்க. அதுவும் நீங்க பண்ணுததுதான்."

அவ்வளவுதான். முப்பிடாதி செருப்பை மாட்டிக்கொண்டு பஞ்சர் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

கண்ணாயிரத்தின் கை ஒருதடவை கழுத்துவரை போனது. திரும்பி வந்தது.

பிறகு குளத்துக்கரை வழியாக நடந்தார்.

சொர்ணம் வாசலில் பைமேல் உட்கார்ந்திருந்தாள். மகள் செண்பகம் பக்கத்தில் நின்றாள். ரெண்டு பேரும் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார்கள்.

"குடிக்கலை. ஊதிக் காட்டட்டா?"

"தெரியுது."

"அப்புறம் என்ன?"

"கழட்டலையே."

"குடிக்காமதான வந்திருக்கேன்?"

"சாமி குடிக்காது. எனக்குத் தெரியும். ஆறு வருஷமா பாக்கேன்."

சொர்ணம் எழுந்து பக்கத்தில் வந்தாள். குரல் இறங்கியது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. பால் கையிலதான இருக்கு? எங்க கண்ணு முன்னாடி கழட்டுங்க. நான் பஸ்ஸை விட்டுருதேன். ராத்திரி குடிச்சிட்டு வந்தாக்கூட, ஒரு பகல் முழுசா எம் புருஷன் குடிக்காம இருந்தாருன்னு நினைச்சுக்கிடுதேன்."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

கண்ணாயிரத்தின் விரல் மாலையில் மாட்டிக்கொண்டு நின்றது.

"நாளைக்கு," என்றார்.

சொர்ணம் குனிந்து பையை எடுத்தாள்.

"வழி விடுங்க சாமி."

வழி விட்டார்.

பஸ் நகர்ந்தபோது செண்பகம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"கழட்டுங்கப்பா!"

அவர் கழட்டவில்லை.