கல்பஞ்சின் பதினொரு நிமிடம்

முன்னொரு காலத்தில் என்று சொல்லும் அளவுக்கு இது பழைய கதை இல்லை. திருப்பூருக்குத் தெற்கே ஒரு பனியன் கம்பெனி இருந்தது. அதன் முதலாளி சாமியப்பன், தையல் கூடத்துக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே ஒரு சுவர் வைக்க வேண்டும் என்று நினைத்தார்.

சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. இரண்டு தகரத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் எதையாவது வைத்து மூடிவிடுவது. அந்த எதையாவது எது என்பதுதான் பேச்சு. மாதிரிக்காக இரண்டு துண்டுகள் மேஜைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று தெர்மாகோல். இன்னொன்று பாறையை உருக்கி நூலாக இழுத்துச் செய்த பஞ்சு. கடைக்காரர்கள் ராக்வுல் என்பார்கள். நாம் கல்பஞ்சு என்றே சொல்லிக்கொள்வோம்.

கல்பஞ்சுக்கு வந்த உடனேயே அலுப்பாக இருந்தது. அது இதுவரை பதினேழு மேஜைகள் பார்த்துவிட்டது. எங்கே போனாலும் ஒரே கதை. தொட்டுப் பார்ப்பார்கள், கை அரிக்கிறது என்று உதறுவார்கள், விலையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், கடைசியில் தெர்மாகோலை எடுத்துக்கொண்டு போவார்கள்.

“என்னண்ணா, இங்கயும் வந்துட்டீங்களா?” என்றது தெர்மாகோல்.

“கொண்டுவந்தாங்க, வந்தேன்.”

“பேசாம குடோன்லயே படுத்திருக்கலாம். உங்க கனத்தை யாரு தூக்குவா? என்னைப் பாருங்க. ஒத்தை விரல்ல தூக்கலாம். வெள்ளை வெளேர்னு இருக்கேன். சித்திரை வெயிலையே வெளிய நிறுத்தறவன் நான்.”

“வெயிலை நிறுத்துவே. தீ வந்தா?”

“தீயா? அது எங்கண்ணா வரப்போகுது!”

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே கல்பஞ்சின் வாய் ஓய்ந்துபோயிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பாய்லர், விறகு, ஆள் உயரத்துக்கு அடுக்கிய அட்டைப்பெட்டிகள். அந்தப் பக்கம் எண்பத்திரண்டு பெண்கள் உட்கார்ந்து தைக்கப்போகிறார்கள். என்றைக்காவது தீப்பிடித்தால், அவர்கள் வெளியே போகும் வரைக்கும் அதை யாராவது பிடித்து நிறுத்த வேண்டும். கல்பஞ்சுக்குத் தீயை அணைக்கத் தெரியாது. தாமதப்படுத்தத் தெரியும். அந்த ஒரு வேலையைத் தவிர உலகத்தில் அதற்கு வேறு ஒன்றும் தெரியாது.

சாமியப்பன் தெர்மாகோலைத் தட்டிப் பார்த்தார். “இதே போதுமுங்கக்கா. அந்தக் கம்பளி மாதிரி இருக்கறது ரெண்டு மடங்கு வெலை சொல்றான்.”

அக்கா என்று அவர் கூப்பிட்டது தெய்வாத்தாளை. தையல் கூடத்துக்கு அந்த அம்மாள்தான் சூப்பர்வைசர். இருபது வருஷமாகப் பனியன் துணியோடு பழகியவர்.

“நூலை நாம எப்புடிங்க எடுக்கறோம்?” என்றார் தெய்வாத்தாள். “ஒரு இழை பிச்சு எரிச்சுப் பாத்துத்தானுங்களே எடுக்கறோம். இதையும் அப்புடிப் பாத்துப்போடலாமுங்க.”

பனியன்காரர்களின் பழக்கம் அது. விற்பவன் ஆயிரம் சத்தியம் பண்ணினாலும் ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பலானால் பருத்தி. சுருண்டு உருகிக் கெட்டியானால் பாலியெஸ்டர். தீயிடம் யாரும் பொய் சொல்ல முடியாது என்பது அவர்கள் கணக்கு.

தெய்வாத்தாள் தீக்குச்சியைக் கிழித்துக் கல்பஞ்சின் ஓரத்தில் காட்டினார். கொஞ்சம் புகைந்தது, நுனி சிவந்தது, அவ்வளவுதான். அடுத்து தெர்மாகோலின் பக்கம் குச்சியைக் கொண்டுபோனார்.

“அண்ணா, சுடுது! அண்ணா!” என்று தெர்மாகோல் தனக்குள்ளேயே சுருங்கியது. கறுத்தது. உருகி எரிகிற சொட்டு ஒன்று மேஜை விளிம்பைத் தாண்டிச் சாமியப்பனின் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

முதலாளி துள்ளி எழுந்தார். வேட்டியில் எட்டணா அளவுக்கு ஓட்டை.

“இந்தச் சனியனைத் தூக்கி வெளிய வீசுங்க! அந்தக் கம்பளியையே போடச் சொல்லுங்க!”

எண்பத்திரண்டு பேருக்காக யோசிக்காத மனிதர் ஒரு வேட்டிக்காக யோசித்தார். போகட்டும். நல்ல காரியம் எந்த வழியாக வந்தால் என்ன? பதினெட்டாவது மேஜையில் கல்பஞ்சுக்கு வேலை கிடைத்தது.

வேலை என்றால், நிற்பது. தகடுகளுக்கு நடுவே, இருட்டில், மேல் பக்கம் இரண்டு ஆணிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஒரு வருஷம் நின்றது, இரண்டு வருஷம் நின்றது. பெண்கள் பேசுவது கேட்கும். யாருக்கு மருமகள் சரியில்லை, யாருக்கு இடுப்பு வலி, யார் வீட்டில் இன்றைக்குப் புளிச்சாறு என்பதெல்லாம் கல்பஞ்சுக்குத் தெரியும். கல்பஞ்சு அங்கே இருப்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. பாய்லரின் சூடு முதுகில் ஏறிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தால் தேவலை என்று இருக்கும். ஆனால் கல்பஞ்சு தொய்ந்தால் மேலே இடைவெளி விழும். அதனால் களைப்பை அடக்கிக்கொண்டு நின்றது. சும்மா நிற்பதைப்போல நோகும் வேலை வேறு இல்லை.

மூன்றாவது வருஷம் இஸ்திரி மேஜைகளைத் தையல் கூடத்துக்கு மாற்றினார்கள். அதற்கு நீராவிக் குழாய் வேண்டும். ஃபிட்டர் வந்து சுவரைக் குடைந்தான். குழாய் கைப்பிடி அளவு, ஓட்டையோ குடம் அளவு. கல்பஞ்சின் வயிற்றில் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் குழாயை நுழைத்தான். மிச்ச இடத்தில் தீயைத் தாங்கும் பசையை அடைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கையெட்டும் தூரத்தில் வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகள் கட்டிய பனியன் வேஸ்ட் மூட்டை இருந்தது. அந்த ஊரில் எதற்கும் அதுதான். எண்ணெய் துடைக்க, ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுக்க, தலைக்கு வைத்துத் தூங்க. நாலு பிடி எடுத்துத் திணித்துவிட்டுப் போனான்.

“நகருங்கண்ணா, கொஞ்சம் எடம் குடுங்க,” என்றது பனியன் வேஸ்ட்.

“உனக்கு இங்க என்ன வேலை?”

“தெரியாதுங்க. ஓட்டை எங்கயோ, நானும் அங்க. நேத்து வரைக்கும் மிஷின் தொடச்சேன்.”

“தீ வந்தா என்ன பண்ணுவே?”

பனியன் வேஸ்ட் உண்மையாகவே யோசித்துப் பார்த்தது. “எரிவேனுங்க.”

அதன்மேல் எப்படிக் கோபப்படுவது? தெர்மாகோலைப்போல அது பீற்றிக்கொள்ளவில்லை. யார் எங்கே வைத்தார்களோ அங்கே இருந்தது. ஆனால் கல்பஞ்சுக்கு அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று. இத்தனை வருஷம் நின்றதெல்லாம் நாலு பிடித் துணியால் வீணாகப் போகிறதே என்று இருந்தது. சத்தம் போட்டுப் பார்த்தது. மனிதர்களுக்குக் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள், பதினொரு மணி டீ முடிந்த நேரம். பாய்லர் வாயிலிருந்து தெறித்த பொறி ஒன்று அட்டைப்பெட்டியில் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் தீ பெரிய ஆளாக வளர்ந்து சுவருக்கு வந்துவிட்டது.

“யாரு உள்ள?” என்றது தீ.

“கல்பஞ்சு.”

“ஓ, நீயா. உன்னோட எனக்குச் சண்டையில்ல. எவ்வளவு நேரம் நிக்கப்போறே?”

“அவங்க போற வரைக்கும்.”

“கெளம்பிட்டாங்களா?”

கல்பஞ்சு காதைக் கொடுத்தது. புகையைப் பார்த்தும், முதலில் நீராவிதான் கசிகிறது என்று பாதிப் பேர் தைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு யாரோ கூச்சல் போட, எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடினார்கள். பின்பக்க ஷட்டருக்குச் சாவியைத் தேடினார்கள். வாசல் வரை போன இரண்டு பேர் தூக்குப்போசியை எடுக்கத் திரும்பி ஓடிவந்தார்கள். சோறு போனால் போகட்டும் என்று விட மனசு வரவில்லை.

“இன்னும் இல்ல,” என்றது கல்பஞ்சு. சொல்ல அதற்கே கூச்சமாக இருந்தது.

“எனக்கு நேரமில்ல,” என்றது தீ. தகடு முழுக்கத் தடவிப் பார்த்தது. எங்கும் வழியில்லை. தடவிக்கொண்டே வந்து குழாயைச் சுற்றியிருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது.

“அண்ணா, என்னைப் புடிச்சுக்கிச்சுங்க!” என்று கத்தியது பனியன் வேஸ்ட். நாலு பிடித் துணி எரிய எவ்வளவு நேரம் ஆகும்?

உள்ளே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. தெய்வாத்தாள் ஒவ்வொருத்தரையாகக் குனிய வைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

கல்பஞ்சு மேலே இருந்த இரண்டு ஆணிகளையும் பார்த்தது. மூன்று வருஷமாக விடாமல் பிடித்த பிடி. இப்போது விட்டால் மேலே இடைவெளி விழும். விடாவிட்டால் ஓட்டை வழியாகத் தீ இந்த நிமிஷமே உள்ளே போய்விடும். மேலே ஏறி வருவதற்குத் தீக்கு இன்னும் கொஞ்சம் நேரமாவது பிடிக்கும்.

இத்தனை நாள் அடக்கி வைத்த களைப்பையெல்லாம் கல்பஞ்சு ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டது. பிடி நழுவியது. முழு உடம்பும் தொப்பென்று சரிந்து ஓட்டையின்மேல் உட்கார்ந்தது. உள்ளே நுழைந்த தீயின் நாக்கு நசுங்கியது.

“என்ன பண்றே நீ?” என்றது தீ.

“உக்காந்திருக்கேன்.”

தீ உறுமிக்கொண்டு மேலே ஏறியது. கூரைக்கடியில் இருந்த இடைவெளியைத் தேடிப் பிடித்துத் தையல் கூடத்துக்குள் குதித்தபோது, கடைசிப் பெண்ணின் புடவைத் தலைப்பு ஷட்டருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. தீ வந்ததிலிருந்து அதுவரை பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. மிஷின்கள் போயின, துணி போயிற்று. நெளிந்த தகடுகளோடு சேர்த்துக் கல்பஞ்சையும் இழுத்துவந்து வாசலோரம் குப்பையில் கொட்டினார்கள். கறுத்து, நனைந்து, உருத்தெரியாமல் கிடந்தது.

மரத்தடியில் தெய்வாத்தாள் பேர் பேராகக் கூப்பிட்டுப் பார்த்தார். எண்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். சாமியப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் தேங்காய் உடைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றினார்.

“மெஷினு போனாப் போகட்டுமுங்க,” என்றார். “தீ மெதுவா வந்துச்சு. அதனாலதான் பொழச்சோம்.”

“ஆமாங்க மொதலாளி,” என்றார் தெய்வாத்தாள். அந்தச் சுவருக்குள் என்ன வைத்தார்கள் என்பது அந்த அம்மாளுக்கும் மறந்து வெகுநாள் ஆகிவிட்டது. தட்டுக்கு முன்னால் வந்து கும்பிட்டார். “எங்களுக்காவத்தானே ஆத்தா நீ பொறுமையா வந்தே?”

கற்பூரத்தின்மேல் சின்னதாக ஆடிக்கொண்டிருந்த தீக்கு என்னவோபோல் இருந்தது. குப்பைப் பக்கம் பார்த்தது.

“நான் பொறுமையா வரல,” என்றது மெல்ல.

“தெரியும்,” என்றது கல்பஞ்சு. “சொன்னாலும் அவங்களுக்குக் கேக்காது. பேசாம வாங்கிக்க.”

எண்பத்திரண்டு பேரும் வரிசையாக வந்து, தீயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.