பதினாறு துளைகளையும் அடைத்த மந்திரி

கிழக்கே வெகு தூரத்தில் மேகோங் என்றொரு பேராறு ஓடுகிறது. அதன் கரையில் லாவோ மக்களின் நாடு. யானைகள் அதிகமாகவும் மந்திரிகள் குறைவாகவும் இருந்த நல்ல காலத்தில், பிம்மசான் என்ற அரசர் அதை ஆண்டார். கேளுங்கள், சிறியவர்களே. பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம். காது திறந்திருந்தால் போதும்.

அந்த நாட்டின் செல்ல வாத்தியம் கென். மூங்கில் குழல்கள் பதினாறு, எட்டெட்டாக இரண்டு வரிசை. நடுவே ஊதுவதற்கு ஒரு மரக் குமிழ். ஒவ்வொரு குழலிலும் விரல் வைக்க ஒரு துளை. மூச்சை விட்டாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும். ஆகவே, மூச்சு வாங்குகிற சாக்கில் ஓய்வெடுக்க நினைப்பவர்களுக்கு ஏற்ற வாத்தியம் அல்ல.

அதை வாசிப்பதில் பூன்தா கெட்டிக்காரன். அவன் வாசிக்க, அவன் மனைவி விலாய் பாடுவாள். அவனுக்குப் பேச்சு அதிகம் வராது. அவளுக்குப் பேச்சு நிற்காது. அதனால் குடும்பம் நன்றாகவே நடந்தது.

மழை வேண்டி மூங்கில் வாணம் விடும் திருவிழா வந்தது. அன்று யாரும் யாரையும் கேலி செய்து பாடலாம், அரசரைக்கூட. அது அந்த ஊர் வழக்கம்.

விலாய் எழுந்தாள். முதல் பாட்டில் அரசரின் தொப்பையைப் பாடினாள். அரசர் சிரித்தார். இரண்டாம் பாட்டில், அவர் படகில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வதைப் பாடினாள். அரசர் இன்னும் உரக்கச் சிரித்தார். மூன்றாம் பாட்டில், அரண்மனை யானைகள் ஆற்றங்கரைத் தோட்டங்களில் புகுந்து வெள்ளரிக் கொடிகளை மிதிப்பதையும், முறையிட வருபவர்களை மந்திரி வாசலிலேயே விரட்டுவதையும் பாடினாள்.

அரசர் சிரிக்கவில்லை. யானைகளுக்குப் பொறுப்பான மந்திரி கம்சிங் எழுந்தே விட்டார்.

"பேரரசே, இது கேலி இல்லை, அவதூறு! இவள் வாயை அடைக்க வேண்டும்."

"அவளை ஒன்றும் செய்யாதே, நன்றாகப் பாடுகிறாள்" என்றார் அரசர்.

"அவளைத் தொடவே வேண்டாம். கென் இல்லாமல் எந்தப் பாடகி பாடுவாள்? கென்னின் வாயை அடைக்கிறேன். அடைத்த பின்னும் சத்தம் வந்தால், புருஷன் ஏதோ சூது செய்திருக்கிறான் என்று பொருள். இருவரும் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும். திரும்பவே கூடாது."

அரசர் அரைமனதாகத் தலையசைத்தார். கருமெழுகு வந்தது. மந்திரி துளை துளையாக அடைக்க உட்கார்ந்தார்.

முதல் துளையில் பூன்தா, "ஐயா, இந்த வாத்தியம்..." என்றான். "பேசாதே!" என்றார் மந்திரி.

ஐந்தாம் துளையில், "ஐயா, ஒரு வார்த்தை..." என்றான். "பேசாதே என்றேன்!"

பத்தாம் துளையில் வாயைத் திறந்தான். மந்திரி பார்த்த பார்வையில் தானே மூடிக்கொண்டான்.

விலாயின் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் கென்னைத் தெரியுமே! "கன்னத்தை மட்டும் உப்பு. ஊதாதே" என்று கிசுகிசுத்தாள்.

"பொய்யாக ஊதவா? எனக்கு வராது."

"வீட்டை விட்டுப் போக மட்டும் வருமாக்கும்!"

பதினாறும் அடைபட்டன. "ஊதடா!" என்றார் மந்திரி.

பூன்தா கைகூப்பினான். "அரசே, நான் ஊதிச் சத்தம் வராவிட்டால், வேண்டுமென்றே மெல்ல ஊதினேன் என்று பேச்சு வரும். அடைத்த மந்திரியே ஊதிக் காட்டினால் யாருக்கும் சந்தேகம் இருக்காது."

"நியாயம்தானே, கம்சிங்?" என்றார் அரசர்.

மந்திரி பெருமையோடு வாங்கி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து ஊதினார்.

பதினாறு குழல்களும் ஒன்றாக அலறின! நாய்கள் ஓடின. குதிரைகள் கனைத்தன. பயந்துபோன மந்திரி வாயை எடுக்க மறந்து மூச்சை உள்ளே இழுத்தார். அதற்கும் சேர்த்து அலறியது.

அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கேட்டார்: "சத்தம் வந்தால் ஆற்றைக் கடக்க வேண்டும் என்று சொன்னது யார்?"

மந்திரி மெல்ல கென்னைக் கீழே வைத்தார். பூன்தா குறுக்கிட்டான். "வேண்டாம், அரசே. கென்னைப் பற்றித் தெரியாதவர்களையெல்லாம் நாடு கடத்தினால் அரண்மனையில் பாதி காலியாகிவிடும். இதில் மூடிய துளைதான் ஒலிக்கும். திறந்த துளை சும்மா இருக்கும்."

அரசர் நம்பவில்லை. கென்னை எடுத்து, தாமே நகத்தால் மெழுகைச் சுரண்டினார். ஒரு துளையைத் திறந்து ஊதினார். அலறல் கொஞ்சம் குறைந்தது. இன்னொன்றைத் திறந்தார், இன்னும் குறைந்தது. பதினாறாவதும் திறந்தபோது வெறும் மூச்சுக்காற்று மட்டுமே வந்தது.

அவர் நகத்தில் ஒட்டியிருந்த மெழுகைப் பார்த்தார். பிறகு கென்னைப் பூன்தாவிடம் நீட்டி, விலாயைப் பார்த்து, "அந்த மூன்றாம் பாட்டை இன்னொரு முறை பாடம்மா. இந்தத் தடவை கேட்கிறேன்" என்றார்.

அவள் பாடினாள். அவர் கேட்டார். மறுநாளிலிருந்து அரண்மனை யானைகள் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு நீண்ட வழியில் ஆற்றுக்குப் போயின. முன்னால் வழிகாட்டி நடந்தவர் மந்திரி கம்சிங்.

ஆகையால் அறிக: குறை சொல்லும் வாயை அடைப்பவனுக்கு அமைதி கிடைக்காது, அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்பவனுக்கே கிடைக்கும்.