கண் திறக்காத புலி

“ஊரே என் புலியைப் பார்த்து அரண்டு கிடக்குது. நீங்க மட்டும் உளியைத் தர மாட்டேங்கிறீங்க. இது நியாயமா அம்மா?”

கேட்டவர் மருதாசலம் ஆசாரி. தேருக்கு மரச்சிற்பம் செதுக்குகிறவர், தலை பாதி நரைத்தவர். குரு வடிவாம்பாளுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. இருந்தாலும் அவள் குரு, இவர் சீடர். கைவேலைக்கு முன்னால் வயதாவது ஒன்றாவது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எந்த மிருகத்தைச் செதுக்கினாலும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். திறந்த கண் முதலில் பார்ப்பது ஒரு பசுவும் கன்றுமாக இருக்க வேண்டும்.

அதற்கென்று ஒரு உளி குருவின் இடுப்பிலேயே இருக்கும். அது யார் கைக்கு வருகிறதோ, அவர் அன்று முதல் தனியாகத் தேர்வேலை எடுக்கலாம். மருதாசலம் ராத்தூக்கத்தில்கூட அந்த உளியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வடிவாம்பாள் புலியைப் பார்க்கவில்லை. அதன் காலடியில் கிடப்பதாகச் செதுக்கியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்தாள். முன்னங்கால் மடிந்து, காது பின்னால் ஒட்டி, நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

“இந்தப் பயத்தை எங்கே பார்த்தீங்க?”

“மனசுக்குள்ளதான்.”

பச்சைப் பொய்.

அவள் இடுப்பிலிருந்த உளியை எடுத்து அவர் கையில் வைத்தாள். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

“இருங்க. பக்கத்து வீட்டுப் பசுவையும் கன்னுக்குட்டியையும் பிடிச்சிட்டு வர்றேன்.”

பல் மறைந்தது.

“வேற மாடு பார்க்கலாமே அம்மா.”

“ஏன், அதுக்கு என்ன குறைச்சல்?”

அவர் சிற்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பசு வந்தது. புலியின் வாயை முகர்ந்து பார்த்தது. கன்று அதைவிட மோசம். புலியின் நகத்தில் கழுத்தைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது.

ஊரையே அரட்டிய புலியாம். மருதாசலத்துக்கு முகம் செத்துப்போயிற்று. பொறுக்க முடியாமல், உளியும் கையுமாக முன்னால் வந்தார்.

கன்று அவரைப் பார்த்தது.

முன்னங்கால் மடிந்தது. காது பின்னால் ஒட்டியது. நாக்கு வெளியே தள்ளியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

பசு குறுக்கே வந்து கொம்பைத் தாழ்த்தியது, புலியைப் பார்த்து இல்லை.

மரத்தில் இருந்ததற்கும் மண்ணில் கிடந்ததற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

“கொஞ்ச நேரம்தான் அம்மா கட்டிப் போட்டேன்,” என்றார். “அரிவாளை ஓங்கிக் காட்டினேன், அவ்வளவுதான். ஒரு அடிகூட அடிக்கலை. சிற்பத்துக்குப் பயம் வேணுமேன்னுதான்...”

வடிவாம்பாள் கன்றின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். கயிறு அறுத்த காயம் அங்கே இன்னும் ஆறவில்லை.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் கன்றையே தடவிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவரே கேட்டார்.

“கண்ணைத் திறக்கட்டுமா அம்மா?”

“எந்தப் புலிக்கு?”

மருதாசலம் உளியை அவள் காலடியில் வைத்தார். கன்றின் பார்வையில் படாமல் பின்வாசல் வழியாகப் போனார்.