ஐம்பதாவது பெயர்

“அம்பது பேரையும் கூப்பிட்டுத்தான் கப்பலை அனுப்பணும். நீங்க நாப்பத்தொம்பதோட நிறுத்திடறீங்க” என்றான் தாமோன்.

கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர, மெரோபே கரையில் நின்று கடற்கன்னியரைப் பேர் சொல்லி அழைப்பவள். தாமோன் அவளைவிடப் பத்து வயது மூத்த மாலுமி. கப்பல் வேலையை விட்டுவிட்டு அவளிடம் பாடம் கேட்க வந்தவன். அவள் சொல்லும் பேர்களை மூன்று மாதமாக விரல் விட்டு எண்ணியிருந்தான்.

“நல்லா எண்ணுறீங்க” என்றாள் அவள்.

இது ஒரு பதிலா?

அந்த ஐம்பது பேரும் கடல் கிழவர் நெரியஸின் பெண்கள். ஒருத்தி ஆம்பிட்ரீட்டி, கடலரசன் பொசைடனின் மனைவி. மாப்பிள்ளை முறுக்குக்குப் பேர்போனவன் அவன். மச்சினியை அவமதித்தால் சும்மா இருப்பானா?

அதிலும் விடுபட்டவள் கலேனே. அவள் போகும் இடத்தில் அலை அடங்கும் என்பார்கள். அவளை இந்த அம்மாள் தனக்கென்று பதுக்கி வைத்திருக்கிறாள் என்றே தாமோனுக்குப் பட்டது.

அன்று அவன் மகள் மிர்த்தோ கல்யாணம் முடிந்து எதிர்த்தீவுக்குக் கப்பலேறினாள்.

மெரோபே வழக்கம்போல நாற்பத்தொன்பதோடு நிறுத்தினாள். தாமோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாய்க்குள் “கலேனே” என்றான்.

கப்பல் பாறைமுனையைத் தாண்டுவதற்குள் கடல் பொங்கிவிட்டது. பாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மெரோபே அவனைப் பார்த்தாள். “கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டேன்.”

“உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அழைச்சவங்க எல்லாரும் வந்தாங்களா?”

“பாதிப் பேர் வரலை.”

“அழைக்காம விட்டவங்க?”

விட்டுப்போனது அவன் கொழுந்தியாள் ஒருத்திதான். பொழுது விடியும் முன்பே வாசலில் வந்து நின்று, என் பேர் மட்டும் எப்படி மறந்துபோச்சு என்று ஊரையே கூட்டிவிட்டாள்.

தாமோன் கப்பலைச் சுட்டிக் காட்டினான். “இப்ப என்ன பண்றதும்மா? எம்பொண்ணு இருக்கா அதுல.”

“முதல்ல இருந்து கூப்பிடுங்க. நீங்களே கூப்பிடுங்க.”

ஒவ்வொரு பேராகச் சொன்னான். நாற்பத்தொன்பது வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“ஒரு தடவை கூப்பிட்டுட்டு மறு தடவை விட்டீங்க. இன்னும் கோவமா ஓடி வருவா. கோவமா வந்தாலும் அவ வந்த இடத்துல அலை அடங்கும்” என்றாள் மெரோபே.

கப்பலைச் சுற்றி அலை படிந்தது. பாய் நிமிர்ந்தது. மகளின் மஞ்சள் முக்காடு கண்ணில் பட்டதும் தாமோனுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பிக் கடலைப் பார்த்து நன்றி சொல்ல, “தாயே, க—” என்று ஆரம்பித்தான்.

மெரோபே அவன் வாயைப் பொத்தினாள்.