கத்தரிக்காயும் கட்டைவிரல்களும்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை வணங்காமுடியார் என்ற மன்னர் ஆண்டுவந்தார். எவருக்கும் வணங்காத அந்த முடி, எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்டால் மட்டும் இலைமேல் குனிந்துவிடும்.

ஒருநாள் குழம்பில் கிடந்த காய் முற்றல். உள்ளே முழுக்க விதை, வாயெல்லாம் கசப்பு. நம் வீடு என்றால் முணுமுணுத்துக்கொண்டே தின்றுமுடிப்போம். அவர் மன்னர் அல்லவா? ஒரு துறையையே தொடங்கிவிட்டார்! அமைச்சர் உமையாள் சந்தையில் பொறுக்கிவரும் காயை வாயிற்காவலர் அமுக்கிப் பார்ப்பார். பிறகு பண்டசாலைக்காரர், வைத்தியர், சமையல்காரர். எல்லாருக்கும் மேலே, கத்தரிக்காய்ச் சோதனை அதிபதி தண்டபாணி நயினார். கடைசியில் ஆசைக்கு மன்னரும் ஓர் அமுக்கு.

உமையாள் இளவயதுக்காரி, வாதத்தில் புலி. வாதாடிப் பழகியவர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) ஒரு வியாதி உண்டு. வாயை மூடினால் மூச்சு முட்டும். "ஒரு காய்க்கு இத்தனை அதிகாரிகளா?" என்று சபையிலேயே கேட்டுவைத்தாள். அன்றிலிருந்து நயினாருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

துறை வந்தபிறகு குழம்பு இன்னும் கெட்டது. காயெல்லாம் கன்றிப்போய் வந்தது. நயினார் விடுவாரா?

"அரசே, அமைச்சரின் வாய்தான் சந்தைக்குப் போகிறது. கண்கள் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. அழுகலாகப் பார்த்து அள்ளிவருகிறார்."

மன்னருக்குச் சினம் பொங்கியது. "அமைச்சரே, நாளை ஒரே ஒரு காய் கன்றியிருந்தாலும் உமது இருக்கை நயினாருக்கு!"

மறுநாள் விடிந்ததும் உமையாள் சந்தையில் நின்றாள். காம்பு பச்சையாக இருக்கிறதா, தோல் சுருங்காமல் மினுங்குகிறதா, எங்காவது புழு துளைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரே அளவில் இரண்டைக் கைக்கொன்றாக ஏந்தி, விதைபிடித்துக் கனப்பதைத் திருப்பி வைத்தாள்.

கடைக்காரி அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "என்னா அமைச்சரம்மா, கத்திரிக்கா பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?"

"பொண்ணு பார்க்க இவ்வளவு நேரம் எதுக்கு அஞ்சலை? அங்கே நகையைத்தானே பார்க்கிறாங்க! இந்தக் கூடையிலதான் என் வேலையே இருக்கு."

வழக்கமாகக் கூடையை வாசலில் கொடுத்துவிட்டுச் சபைக்கு வாதாட ஓடுகிறவள், அன்றுதான் கூடையோடு கூடவே நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கட்டைவிரல் காத்திருந்தது. 'அடி உமையா, பக்கம் பக்கமாகப் பேசினாயே, ஒருநாளாவது இதை எட்டிப் பார்த்தாயா?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சபையில் கூடையைத் திறந்தால் காய்க்குக் காய் பழுப்புத் திட்டு.

"பார்த்தீர்களா அரசே!" என்று நயினார் துள்ளினார்.

"சந்தையில் நன்றாகத்தான் இருந்தன, அரசே. வழியில் அமுக்கிய விரல்கள்தான் இப்படிக் கன்றவைத்தன" என்றாள் உமையாள்.

"எங்கள் விரல்களா? பூப்போலத் தொடுவோம்! எங்கள் விரல் பட்டு ஒரு கன்னம்கூடக் கன்றாது!" என்று சீறினார் நயினார்.

"அப்படியா? உங்கள் கன்னம் இருக்கிறதே. காலையில்தான் மழித்து எண்ணெய் பூசியிருக்கிறீர்கள் போலும், கத்தரிக்காயைவிட மினுங்குகிறது. அதே ஆட்கள், அதே வரிசை. தொட்டுப் பார்க்கட்டுமே?"

வேடிக்கை என்றால் மன்னருக்கு உயிர். "ஆகட்டும்!" என்றார்.

வாயிற்காவலர் பவ்வியமாக வந்து கட்டைவிரலை அழுத்தினார். நயினாரோடு தீர்க்கவேண்டிய பல நாள் கணக்கு பாக்கி இருந்திருக்கும் போல. பண்டசாலைக்காரர் கண்ணை மூடி ரசித்து அமுக்கினார். "பதம் பிடிபடவில்லையே" என்று வைத்தியர் மறுமுறையும் அமுக்கினார். சமையல்காரர் கையில் உலக்கை பிடித்த வலு! நயினாரின் கன்னம் சிவந்து, பிறகு நீலம் பாரித்தது.

கடைசியில் மன்னர் கட்டைவிரலை நீட்டியபடி அரியணையை விட்டு இறங்கினார். நயினார் அப்படியே காலில் விழுந்தார்.

"அரசே, போதும்! புதிதா பழையதா என்று முதல் ஆளுக்கே தெரிந்திருக்குமே! வருகிறவர் எல்லாம் அமுக்கினால் என் கன்னம் என்னத்துக்கு ஆகும்?"

"கத்தரிக்காய்க்கு வாய் இருந்தால் இதைத்தான் சொல்லியிருக்கும், அரசே" என்றாள் உமையாள். "இவ்வளவு பெரிய வாய் இருந்தும் எனக்கு இன்றுதான் சொல்லத் தோன்றியது."

மன்னர் தம் கட்டைவிரலைப் பார்த்தார். மெல்ல அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "ஆக, இத்தனை நாளும் நல்ல காயை நானே கெடுத்து, நானே தின்று, உம்மைத் திட்டியிருக்கிறேன்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். துறையை அங்கேயே கலைத்தார். தம் முத்துமாலையைக் கழற்றி உமையாளிடம் கொடுத்து, "இருக்கையும் உமதுதான்" என்றார்.

"நான், அரசே?" என்றார் நயினார் ஈனக்குரலில்.

"வாயிலில் நின்று, கூடையை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளும்."

"நானாவது தொடலாமா?"

"உம் கன்னத்தைத் தொட்டுக்கொள்ளும்!"