எந்த வீடு என்று கேட்ட ஸ்கிரிப்ட்

அந்தக் காலத்தில், கணினிகள் எழுத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்காமல் வாய் திறந்து பேசின. பேசின என்பதைவிட வாயாடின என்பதே சரி. ஒன்று சொல்வதை இன்னொன்று ஒப்புக்கொள்ளாது. ஒரே வேலையை ஆளுக்கொரு விதமாகச் செய்யும். ஏன் என்று கேட்டால், "எங்க வீட்டுல இப்படித்தான்" என்று முறைத்துக்கொள்ளும். வீடு என்று அவை சொன்னது தம்மைச் செய்து அனுப்பிய பட்டறையை. கிழக்கு வீடு, மேற்கு வீடு என்று இரண்டு பெரிய வீடுகள் இருந்தன.

கடற்கரை ஊர் ஒன்றில் அமலோற்பவம் என்ற புரோகிராமர் இருந்தாள். அவள் தம்பி சூசை வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். அந்த ஊர்களில் புயல் வருவதைச் சொல்லும் சங்கைக் கணினிதான் ஊத வேண்டும், மனிதக் கைக்கு அது அசையாது. ஒருமுறை சங்கு தாமதமாக ஊதி, சூசை அரை உயிராகக் கரைக்கு வந்தான். அதற்குப் பிறகு அமலோற்பவத்துக்குத் தூக்கம் போய்விட்டது. காற்று திரும்பும்போதே சங்கை ஊதச் செய்யும் புதிய புரோகிராம் ஒன்றை எழுதினாள்.

எழுதினால் மட்டும் போதுமா? அந்த எழுத்தை ஒவ்வொரு கணினியும் கம்பைலர் என்ற கருவியால் தனக்குப் புரியும்படி மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். இதை எடு, அதை மாற்று, இங்கே வை என்று வரிசையாகச் சொல்ல ஒரு ஸ்கிரிப்டும் எழுதினாள். அவள் மேசைக் கணினியில் அது ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. அவளும் நம்பி, அதை எடுத்துக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகக் கிளம்பிவிட்டாள், பாவம்.

முதல் துறைமுகத்துக் கணினி சிரித்தது. "கம்பைலரை அங்கயா தேடுவாங்க? எங்க வீட்டுல அது வேற இடத்துலல்லா இருக்கும்."

"நீ எந்த வீடு?"

"மேற்கு வீடு."

மேற்கு வீடானால் இங்கே தேடு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். அடுத்த துறைமுகத்திலும் மேற்கு வீட்டுக் கணினிதான். ஆனால் அது, "நான் இளைய தலைமுறை, அக்கா. அந்தப் பழக்கமெல்லாம் எப்பவோ மாத்தியாச்சு" என்றது. இன்னும் ஒரு வரி. அதற்கடுத்த ஊரில் கம்பைலர் சரியான இடத்தில் இருந்தது, ஆனால் கோப்பை நகல் எடுக்கச் சொன்னால் கணினி விழித்தது. மறுபடியும் ஒரு வரி. ஸ்கிரிப்டில் இப்போது வேலையைவிட வீட்டு விசாரணைதான் அதிகம்.

"எவன் எந்த வீட்டுப் பிள்ளையா இருந்தா எனக்கென்ன, சங்கு ஊதினா போதாதா!" என்று அவள் பஸ்ஸில் வாய்விட்டுக் கத்த, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். கத்தினாளே தவிர, விசாரணையை விடவில்லை. இரண்டு வீட்டையும் சேராத கணினி என்றால், "உன்னைத் தெரியாது" என்று சொல்லி நின்றுவிடும்படியும் எழுதிவைத்தாள். எச்சரிக்கையாம்.

சொந்த ஊர்தானே என்று தன் ஊர்த் துறைமுகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அங்கிருந்த கணினி எந்த வீட்டையும் சேர்ந்ததல்ல. மிச்சம் மீதிப் பாகங்களை வைத்து உள்ளூரிலேயே பொருத்திச் செய்தது. ஸ்கிரிப்ட் வழக்கம்போல, "நீ எந்த வீடு?" என்றது.

"மேற்கு வீடு" என்றது கணினி, கூசாமல்.

ஸ்கிரிப்ட் நம்பியது. இடம் வேண்டுமே என்று பழைய சங்கு புரோகிராமை முதலில் அழித்தது. பிறகு மேற்கு வீட்டார் கம்பைலர் வைக்கும் இடத்தில் போய்த் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. சங்கு அறையைக் கவனிக்கும் சந்தியாகு ஓடி வந்தார்.

"எம்மா, கடல் ஒரு மாதிரியா இருக்கு. சூசை வள்ளமும் அதுக்குள்ளதான் கெடக்கு. பழைய புரோகிராமை வச்சாவது சங்கை ஊதச் சொல்லு!"

"அதத்தான் அழிச்சாச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அமலோற்பவம். கணினியின் பக்கம் திரும்பினாள். "ஏன் பொய் சொன்ன?"

"எந்த வீடும் இல்லைன்னு நெசத்தைச் சொன்னா உங்க ஸ்கிரிப்ட் வாசலோட திருப்பி அனுப்பிருமே. எனக்கும் சங்கு ஊதணும்னு இருக்காதாக்கா?"

அவள் கோபம் முழுக்கத் தன்மேலேயே திரும்பியது. வீட்டைப் பற்றிக் கேட்ட வரிகள் அத்தனையையும் அங்கேயே நின்று அழித்தாள்.

"வீட்டை விடு. இந்தா, ரெண்டே வரி புரோகிராம். இதைக் கட்டிக் காட்டு."

கணினி கட்டிக் காட்டியது.

"அப்போ கம்பைலர் இருக்கு. எங்க இருக்குன்னு நீயே காட்டு. சரி. ஒரு கோப்பை நகல் எடு பாப்போம்."

"அது தெரியாதுக்கா."

"ஒரு இடத்துல படிச்சு இன்னொரு இடத்துல எழுதத் தெரியுமா?"

"தெரியும்."

"அது போதும். அடுத்து..."

சந்தியாகுவுக்குப் பொறுக்கவில்லை. "அங்க கடல் பொங்குது, இவ என்னடான்னா இது இருக்கா, அது தெரியுமான்னு பேட்டி எடுத்துக்கிட்டு இருக்கா!"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள், முடிந்ததை வைத்துக்கொண்டாள், முடியாததற்கு வேறு வழி பார்த்தாள். கடைசியில் கணினி தானே கட்டிய புரோகிராம் ஓட, சங்கு ஊதியது. ஊரே அதிர்ந்தது. தூரத்தில் வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைப்பக்கம் திரும்பின.

சூசை கடைசியாக வந்தான். வலை போயிருந்தது. ஆள் நடுங்கிக்கொண்டிருந்தான். "சங்கு கேட்டுத்தாம்கா திரும்புனேன். இன்னும் கொஞ்சம் முந்தி ஊதப்பிடாதா?" என்றான். அமலோற்பவம் அவனைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

அந்தச் சங்கு ஊதிய நாளிலிருந்துதான், புரோகிராம் கட்ட வரும் எந்த ஸ்கிரிப்டும் வேலையைத் தொடங்கும் முன்னால் இது இருக்கிறதா, அது முடிகிறதா என்று திரை நிறைய நச்சரிக்கிறது. நமக்குத்தான் பொறுமை போய் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறோம். கணினி தன் வீட்டுப் பெயரை எவ்வளவு பெருமையாகச் சொன்னாலும், "அது இருக்கட்டும், செய்து காட்டு" என்றுதான் ஸ்கிரிப்ட் சொல்கிறது.