செம்பி வைக்க மறந்த சைபர்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் இருந்த நிரல்கள் எல்லாம் வாய் திறந்து பேசின. இப்போது பேசுவதில்லை. பேசிப் பட்டது போதும் என்று விட்டுவிட்டன.

நடுவில், கம்ப்யூட்டர் முழுவதையும் ஆளுகிற கெர்னலார் உட்கார்ந்திருந்தார். கோப்புகள் இருக்கும் வட்டு, திரை எல்லாம் அவர் கையில். வேறு யார் தொட்டாலும் தொட்ட இடத்திலேயே உயிர் போகும். எது வேண்டுமானாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். அவருக்கோ பேச்சு பிடிக்காது. வாசலில் வரிசையாகக் கிண்ணங்கள் இருக்கும். முதல் கிண்ணத்தில் வேலையின் எண். அடுத்ததில், பொருளின் பெயரை எந்த இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம் என்ற விலாசம். வைத்துவிட்டு மணியடிக்க வேண்டும். பதிலும் ஓர் எண்தான்.

செம்பி என்று ஒரு நண்டு. துருவூரிலிருந்து புதிதாக வந்த நிரல். துருவூர் கெடுபிடியான ஊர். ஓர் ஊசியை இரவல் வாங்கினாலும் காவலர் வந்து, யாருடையது, எப்போது திருப்புவாய் என்று குடைவார்கள். அங்கே வளர்ந்ததால் தன்னிடம் தப்பே வராது என்று செம்பிக்கு ஒரு நினைப்பு.

கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரி மரகதவல்லி. ஒன்பது வருஷமாகப் பேசாத அக்காவுக்குக் கடிதம் எழுதினாள். கடிதம்1 சண்டையில் முடிந்தது. கடிதம்2 அழுகையில். பன்னிரண்டாவதுதான் சரியாக வந்தது. அதைத் திரையில் ஓடவிட்டுப் படித்துக்கொண்டே, கடிதம்1-ஐ அழித்துவிடு என்று செம்பியை அனுப்பினாள்.

செம்பி போயிற்று. முதல் கிண்ணத்தில் எண்பத்தேழு வைத்தது. ‘அழி’ என்று அர்த்தம். அடுத்ததில் விலாசம். மணியடித்தது.

"சைபர்," என்றார் கெர்னலார்.

செம்பி விழித்தது. சைபரா? ஒன்றும் நடக்கவில்லையா? மறுபடி மணியடித்தது.

"மைனஸ் இரண்டு."

"ஐயா, அப்படின்னா?"

கெர்னலார் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

செம்பி கோப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. கடிதம்1 இருந்தது. கடிதம்12 இல்லை. கண்ணை நீட்டி மறுபடி பார்த்தது. இல்லைதான். ஆனால் திரையில் அதே கடிதம் ஓடிக்கொண்டிருந்தது! இல்லாத கடிதத்தை யார் வாசிப்பது?

வாசித்தது பூனை. பழைய நிரல். கோப்பைத் திரையில் வாசித்துக் காட்டுவதுதான் அதன் பிழைப்பு.

"பூனையக்கா, உங்க கையில என்ன?"

"கடிதம் பன்னிரண்டு. ஏன் கேக்கிறே?"

"பட்டியல்ல அதோட பேரே இல்லையே!"

"பேருதான் போச்சு. நான் கையை எடுக்கிற வரைக்கும் கடிதம் போகாது. எவ அழிச்சது?"

"நான் ஒண்ணைத்தான் அழிக்கச் சொன்னேன்."

"பேரை எங்கே எழுதினே? காட்டுடி."

செம்பி காட்டியது. கடிதம்1. அதை ஒட்டிய கட்டத்தில், வேறு எதற்கோ யாரோ எழுதிவைத்த 2. அதற்குப் பிறகு ஒரு சைபர்.

பூனை மீசையைத் துடைத்தது. "பேரு முடிஞ்ச இடத்துல சைபர் வைக்கலையா?"

"எதுக்கு? எங்க ஊர்ல பேரோட நீளத்தையும் சேர்த்தே வெச்சிருப்போம். எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரியும். அவருக்கு? சைபர் கண்ணுல படற வரைக்கும் வாசிச்சுக்கிட்டே போவாரு. ஒண்ணையும் ரெண்டையும் சேர்த்துப் பன்னிரண்டுன்னு அழிச்சிட்டாரு. சைபர்னு சொன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். நீ மறுபடி போய் நின்னா, அப்படி ஒரு கோப்பே இல்லைம்பாரு. அதுதான் மைனஸ் ரெண்டு."

"காவலர் யாரும் தடுக்கலையே!"

"உங்க காவலர் ஊர் எல்லையோட சரி. நீயாவது யோசிச்சிருக்கணும். எங்கே, நண்டுக்குத்தான் தலையே கிடையாதே."

செம்பி அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட நேரமில்லை. "அக்கா, கையை விட்டுடாதீங்க!"

"கடைசி வரி வந்தாச்சு. அது முடிஞ்சா என் கை தானா விட்டுடும். என்னைச் செய்த விதம் அப்படி. ஓடு!"

செம்பி பக்கவாட்டில் ஓடியது. ‘புதிதாகத் திற’ என்ற எண்ணை வைத்தது. கடிதம்12 என்று எழுதியது. பின்னால் ஒரு சைபர் வைத்தது. மணியடித்தது.

"மூன்று."

"ஐயோ, அக்கா! மூணுங்கிறாரு! இது என்ன தப்பு?"

"தப்பில்லைடி. அது கோப்போட கைப்பிடி. பிடிச்சுக்கிட்டு எழுது!"

பூனை கடைசி வரியை வாசிக்காமல் அடக்கிக்கொண்டு முதல் வரிக்குத் திரும்பியது. "அக்கா, இந்தத் தடவை நான் சண்டைக்கு வரவில்லை," என்று வாசித்தது. செம்பி எழுதியது. ஒவ்வொரு வரிக்கும் மணியடித்தது. ஒவ்வொரு பதிலையும் நின்று கேட்டது. பூனையின் கை விட்டபோது கடிதம் முழுசாக வட்டில் இருந்தது. பிறகு செம்பி, பின்னால் சைபர் வைத்துக் கடிதம்1-ஐ அழித்தது.

மரகதவல்லிக்கு ஒன்றும் தெரியாது. திரை ஏன் ஒரு கணம் நின்றது என்று மட்டும் முணுமுணுத்தாள். கடிதத்தை அனுப்பினாள்.

செம்பி நடந்ததைத் துருவூருக்கு எழுதிப் போட்டது. கெர்னலார் மாறவில்லை. இன்றும் அவர் பதில் எண்தான்.

அன்று முதல்தான் துருவூர் நிரல்கள் கெர்னலார் வாசலுக்குப் போகும் வழியில் ‘இதற்கு மேல் காவல் இல்லை’ என்று பலகை மாட்டுகின்றன. பெயருக்குப் பின்னால் சைபர் இருக்கிறதா என்று கொடுக்கால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மணியடிக்கின்றன.